மிக்காயேலா என் வகுப்புத் தோழி

2011இல் நான் ஸ்பானிஷ் படிக்கப் போனதற்குக் காரணம் மொழி ஆர்வமெல்லாம் கிடையாது, வீட்டுக் கடன். நான் வேலை பார்த்த இடத்தில், இன்னொரு மொழி தெரிந்தால் மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சேரும் என்றார்கள். சனி, ஞாயிறு வகுப்பு. ஆறு மாதத்தில் வினைச்சொற்களைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் யாராவது நிஜமாகப் பேசினால் பக்கத்துத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் ரயில் போவது மாதிரி இருக்கும். சத்தம் கேட்கும், பெட்டியை எண்ண முடியாது.

எங்கள் ஆசிரியைதான் வழி சொன்னார். "செய்தி கேட்காதீங்க, ஓடிப்போயிடும். சீரியல் பாருங்க. ஒரே விஷயத்தை மூணு பேர்கிட்ட மூணு தடவை சொல்லுவாங்க. நாலாவது தடவைக்கு உங்களுக்கே புரிஞ்சிடும்."

அப்படிக் கிடைத்ததுதான் 'லா முஹேர் பெர்ஃபெக்தா'. 'குறையே இல்லாத பெண்' என்று வைத்துக்கொள்ளலாம். 2010இல் வெனிசுலாவின் வெனெவிஷன் தொலைக்காட்சியில் ஓடிய தொடர். அம்பத்தூர் வீட்டில் அப்போது இணையம் நொண்டும். ஐந்து நிமிடம் ஓடும், அப்புறம் அந்த வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது சுற்றி முடிப்பதற்குள் அம்மா கீரையும் முறமுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு ஸ்பானிஷில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் எந்த மொழி சீரியலாக இருந்தாலும் யார் வில்லி, யாருக்கு யார் மேல் கண் என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவாள். இரண்டாவதோ மூன்றாவதோ நாள், கீரை ஆய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏண்டா, இந்தப் பொண்ணு யார் மூஞ்சியையும் பார்த்துப் பேச மாட்டேங்குதே, ஏன்?"

அந்தப் பெண் மோனிகா ஸ்பியர். பாத்திரத்தின் பெயர் மிக்காயேலா கோமெஸ். ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் உள்ளவள். வசனத்தை வைத்து எனக்கு அது புரிய ஒரு வாரம் ஆனது. அம்மாவுக்கு வசனமே தேவைப்படவில்லை.

மிக்காயேலாவுக்கு உருவகம் புரியாது, கேலி புரியாது, ஜாடையாகப் பேசினால் புரியாது. சொல்லுக்கு அகராதியில் என்ன இருக்கிறதோ அதுதான் அர்த்தம். எனக்கும் அப்போது அதே நிலைமைதான். 'தோமார் எல் பெலோ' என்று ஸ்பானிஷில் ஒரு பிரயோகம் உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'முடியை எடுப்பது'. முதல்முறை கேட்டபோது யாருக்கோ மொட்டை அடிக்கப்போகிறார்கள் என்று நினைத்து, கத்தரிக்கோல் எப்போது வரும் என்று காத்திருந்தேன். கிண்டல் செய்வது என்று அர்த்தமாம். அந்த ஊரே வேகமாக, எஸ் ஒலியைப் பாதி முழுங்கிக்கொண்டு, ஒன்று சொல்லி வேறொன்றை நினைக்கிறது. நடுவில் அவள் ஒருத்திதான் ஒவ்வொரு சொல்லையும் முழுசாக, நினைத்ததை நினைத்தபடி பேசுகிறாள். எல்லோரும் பேசி முடித்ததும் 'என்ன சொன்னார்கள்?' என்று விழிக்கிற இருவர் நாங்கள்தான். ஒரே பெஞ்ச்.

இந்தப் பெண் யார் என்று தேடிப் பார்த்தேன். மிஸ் வெனிசுலா 2004. நம்பவே முடியவில்லை.

ஏன் நம்ப முடியவில்லை என்று சொல்ல, கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

வெனிசுலாவில் அழகிப் போட்டி ஒரு தொழில். பொழுதுபோக்கு என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம்கூட வரலாம். 1979இல் மாரித்சா சயலேரோ முதல் மிஸ் யூனிவர்ஸ் பட்டத்தைக் கொண்டுவந்தபோது அந்த நாட்டில் எண்ணெய்ப் பணம் கரைபுரண்டது. வார இறுதியில் மயாமிக்குப் பறந்துபோய்க் கடைக்காரரிடம் 'மலிவா இருக்கே, ரெண்டு குடு' என்று கேட்பார்களாம். வெனிசுலாக்காரர்களைக் கேலி செய்ய இன்றைக்கும் அந்த வாக்கியத்தைச் சொல்கிறார்கள். 1981இல் ஐரீன் சாயெஸ், 1986இல் பார்பரா பலாசியோஸ், 1996இல் அலிசியா மச்சாதோ, 2008இலும் 2009இலும் அடுத்தடுத்து இருவர், 2013இல் கேப்ரியேலா இஸ்லர் என மொத்தம் ஏழு மிஸ் யூனிவர்ஸ். மிஸ் வேர்ல்டில் ஆறு; அங்கே நாமும் அவர்களும் சமம். 1994இல் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் ஜெயித்த இரண்டு மேடைகளிலும் மூன்றாவதாக நின்றவர் வெனிசுலாப் பெண்தான். 2000இல் லாரா தத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு முடிவுக்காகக் காத்திருந்தவரும் அதே நாடு. நமக்கு அந்த நாடு அவ்வளவுதான் தெரியும், இரண்டாவது மூன்றாவது இடத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெயர்ப்பட்டை.

அந்தப் பட்டையிலேயே ஒரு வேடிக்கை உண்டு. மிஸ் வெனிசுலா போட்டியில் பெண்கள் மாநிலங்களின் பெயரைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். ஆனால் அது சொந்த மாநிலமாக இருக்க வேண்டும் என்று இல்லை. நிர்வாகம் பார்த்துக் கொடுப்பதுதான். மோனிகா பிறந்தது சூலியா மாநிலத்தின் மாரகைபோவில், 1984 அக்டோபர் 1. ஏரியும் எண்ணெயும் தாங்க முடியாத வெயிலும் உள்ள ஊர். 1922இல் அந்த ஏரியின் கிழக்குக் கரையில் ஒரு கிணறு பீறிட்டுக் கிளம்பித்தான் நாட்டின் தலையெழுத்தே மாறியது. ஆனால் அவர் போட்டியில் போட்டுக்கொண்ட பட்டை குவாரிகோ. நாட்டின் நடுவில் மாடு மேயும் சமவெளி மாநிலம். அங்கே அவருக்கு என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தத் தொழிற்சாலையின் முதலாளி மாதிரி இருந்தவர் ஒஸ்மேல் சோசா. கியூபாவில் பிறந்தவர். 1980களின் தொடக்கத்திலிருந்து 2018 வரை அவர் வைத்ததுதான் சட்டம். தலைநகர் கராகஸில் ஒரு இளஞ்சிவப்பு வீட்டில் மாதக்கணக்கில் பயிற்சி நடக்கும். நடை, பேச்சு, உடற்பயிற்சி, பல், மூக்கு, தேவைப்பட்டால் கத்தி. அக அழகு என்பதெல்லாம் அழகில்லாத பெண்கள் தங்களைத் தேற்றிக்கொள்ளக் கண்டுபிடித்த சமாதானம் என்று கூச்சமில்லாமல் பேட்டி கொடுத்த மனிதர். அவர் காலத்தில் துணிக்கடைப் பொம்மைகளின் மார்பையே பெரிதாக்கி வார்த்துத் தள்ளினார்கள், வலென்சியா நகரத்துப் பட்டறைகளில். உடம்புக்கு ஏற்ற பொம்மை போய், பொம்மைக்கு ஏற்ற உடம்பு.

அங்கிருந்து வெளியே வரும் பெண்களுக்குப் பாதைகள் போட்டே வைத்திருக்கும். ஐரீன் சாயெஸ் அரசியலுக்குப் போனார். கராகஸின் சகாவோ பகுதிக்கு மேயரானார், நன்றாகவே நிர்வாகம் செய்தார் என்கிறார்கள். 1998 அதிபர் தேர்தலில் ஆரம்பத்தில் கருத்துக்கணிப்புகளில் அவர்தான் முதலிடம். கடைசியில் சாவேஸ் ஜெயித்தார், இவர் மூன்றாவது. மரியா கொன்சிதா அலோன்சோ ஹாலிவுட் போனார். மற்றவர்களில் பலருக்கு டெலிநாவெலா, அந்த ஊர் சீரியல். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. மிஸ் வெனிசுலாவை நடத்துவதும் வெனெவிஷன் குழுமம், சீரியல் எடுப்பதும் வெனெவிஷன். ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் வெளியே வருவது மாதிரி.

மோனிகா கொஞ்சம் வேறு ரகம். அழகிப் பட்டத்துக்கு அப்புறம் நடிப்பைத் தேடிப் போனவர் இல்லை அவர். ஃப்ளோரிடாவில், சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர். 2004 செப்டம்பரில் கராகஸில் மகுடம். 2005 மே 31 அன்று பாங்காக்கில் மிஸ் யூனிவர்ஸ். அன்றைக்கு ஜெயித்தவர் கனடாவின் நடாலி க்ளெபோவா. மோனிகா முதல் ஐந்து பேரில் ஐந்தாவது. அப்போது அவருக்கு 20 வயது. பட்டத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, 2006இல் 'எல் தெஸ்ப்ரேசியோ' தொடரில் நடிக்கத் தொடங்கினார். வெனெவிஷனில் இல்லை, போட்டிச் சேனலான ஆர்சிடிவியில். அழகிப் போட்டி வாசல் வழியாக வந்தவர் எதிர்வீட்டில் போய் உட்கார்ந்தார் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அந்த எதிர்வீடு அப்போது இடிந்துகொண்டிருந்தது. அவர் முதன்முறை கதாநாயகியாக வந்த 'மி ப்ரிமா சியேலா' 2007 மே மாதம் ஆரம்பித்தது. மாமன் மகள், சித்தி மகள் எல்லோருக்கும் ஸ்பானிஷில் 'ப்ரிமா' ஒன்றுதான். உறவுமுறைக்கு நம்மிடம் உள்ள வசதி அவர்களிடம் இல்லை. கதாநாயகிக்கு இரத்தப் புற்றுநோய். நமக்குப் புதிதா என்ன? வெள்ளைக் கைக்குட்டையில் சிவப்பைப் பார்த்து எத்தனை இடைவேளைகளில் அழுதிருக்கிறோம். ஆனால் கதாநாயகிக்கு முன்னால் சேனல் போய்விட்டது. 1953இலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஆர்சிடிவியின் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்றுவிட்டார் சாவேஸ். மே 27 நள்ளிரவு, ஊழியர்கள் எல்லோரும் ஸ்டுடியோவில் கூடி நின்று தேசிய கீதம் பாட, திரை அணைந்தது. 2002 ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்கு அந்தச் சேனல் துணைபோனது என்பது அரசு சொன்ன காரணம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனாலும் கதை தொடங்கி மூன்று வாரம்கூட ஆகாத நாயகியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதே அலைவரிசையில் அரசாங்கச் சேனல் வந்து உட்கார்ந்துகொண்டது. சியேலா பிறகு கேபிளில் தொடர்ந்தாள். கேபிள் இருந்த வீடுகளில் மட்டும். 2009இல் 'காய்யே லூனா, காய்யே சோல்' என்ற இன்னொரு தொடர், அதுவும் கேபிளில்தான். 2010 ஜனவரியில் கேபிளிலிருந்தும் ஆர்சிடிவி போனது. மோனிகா பழைய வீட்டுக்கே, வெனெவிஷனுக்கே வந்தார். அங்கே மிக்காயேலா காத்திருந்தாள்.

'லா முஹேர் பெர்ஃபெக்தா'வை எழுதியவர் லியோனார்தோ பத்ரோன். கவிஞர், சீரியல் எழுத்தாளர். கதையின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் இருக்கிறார். அவரைச் சுற்றிலும் வயது, எடை, மார்பு, மூக்கு என்று கண்ணாடி முன்னால் வெந்துபோகும் பெண்கள். டாக்டரின் மனைவியே வயசாவதற்குப் பயந்து நடுங்கும் ஒரு நடிகை. கண்ணாடியே பார்க்காத ஒரே பெண் மிக்காயேலா. யோசித்துப் பாருங்கள்: மிஸ் வெனிசுலாவை நடத்தும் அதே சேனல், அந்தப் பித்தைக் கிண்டல் செய்யும் தொடரை எடுக்கிறது. அழகைப் பற்றி அக்கறையே இல்லாத பெண்ணாக நடிக்க, தானே மகுடம் சூட்டிய பெண்ணைக் கூப்பிடுகிறது. மிட்டாய்க் கடைக்காரரே வாசலில் சர்க்கரை நோய் முகாம் போட்ட கதை.

அழகிப் போட்டியில் ஒரு பெண்ணுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது கண்ணைப் பார்ப்பது. நடுவர் கண்ணை, கேமராவின் கண்ணை, கடைசி வரிசையில் இருப்பவரின் கண்ணைக்கூட. பார்த்த உடனே சிரிக்க வேண்டும். தோளைப் பின்னால் தள்ளி, கழுத்தை நீட்டி, நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதை உடம்பு எப்போதும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். மிக்காயேலாவுக்கு இதெல்லாம் எதிரி. பேசுகிறவரின் காதுக்குப் பக்கத்தில் எங்கோ பார்ப்பாள். தொட்டால் சுருங்குவாள். குரல் ஏறாது, இறங்காது. மழை வருகிறது என்பதையும் மனசு வலிக்கிறது என்பதையும் ஒரே அளவில் சொல்வாள். பாங்காக்கில் அந்த மேடையில் நடக்கிற மோனிகாவின் காணொளியைப் பார்த்துவிட்டு உடனே மிக்காயேலாவைப் பார்த்தேன். ஒரே எலும்புதான், ஆள் வேறு. கற்றுக்கொண்டதை நடித்துக்காட்டுவது ஒரு திறமை. கற்றுக்கொண்டதை உடம்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பதற்கு வேறு ஏதோ வேண்டும். அழுவதற்காக விருது கொடுப்பார்கள், அழாமல் இருந்ததற்கு யார் கொடுக்கிறார்கள்?

குறை இல்லாமல் இல்லை. ஆட்டிசம் உள்ளவர் என்றாலே களங்கமற்ற குழந்தை, காதல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற போக்கு அங்கேயும் உண்டு. சில வாரங்கள் கதை இழுவை. நான் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டப் பார்த்தேன், பயிற்சிக்குக் கெடுதல் என்று ஆசிரியை திட்டினார். அதையெல்லாம் மீறி அந்தப் பாத்திரம் நின்றது.

வெனிசுலாத் தெருவில் காய்கறி விற்பவர்கூட வாடிக்கையாளரை 'மி ரேய்னா' என்பார், 'என் ராணி'. இங்கே 'வாம்மா', 'சொல்லுக்கா' மாதிரி, சாதாரணமாக வாயில் வரும் சொல். ராணிகள் மலிந்த ஊர். மிக்காயேலாவை யாராவது அப்படிக் கூப்பிட்டால், எந்த நாட்டுக்கு என்று கேட்பாள் என எனக்குத் தோன்றும்.

அதற்குப் பிறகு மோனிகா அமெரிக்காவின் ஸ்பானிஷ் சேனலான டெலிமுண்டோவுக்குப் போனார். 2011இல் 'ஃப்ளோர் சல்வாஹே', கொலம்பியாவில் எடுத்த தொடர். கதை நடப்பது எண்ணெய் எடுக்கும் ஊரில், மாரகைபோக்காரிக்கு அந்நியமா என்ன. 2013இல் மயாமியில் 'பசியோன் ப்ரோஹிபிதா'. துருக்கியில் சக்கைப்போடு போட்ட ஒரு தொடரின் ஸ்பானிஷ் வடிவம். அதில் வயதான பணக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, அந்த வீட்டு இளைஞன் மேல் ஆசைப்படும் பியாங்கா. இரண்டையும் அங்கங்கே பார்த்தேன். அழகாக இருந்தார், வேறு எதுவும் ஞாபகம் இல்லை. மயாமியில் எடுக்கும் தொடர்களில் எல்லா நாட்டுக்காரர்களுக்கும் புரியட்டும் என்று ஊர் வாடை இல்லாத ஸ்பானிஷ் பேசச் சொல்வார்கள். எனக்குச் சுலபமாகப் புரிந்தது, சப்பென்று இருந்தது.

2014 ஜனவரி 7. பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. அம்மா பரணையை ஒழித்துக்கொண்டிருந்தாள், வீடு முழுக்கப் பழைய பாத்திரம். ஸ்பானிஷ் செய்தித் தளங்களைத் தினமும் ஒரு பத்தி படிப்பது அப்போது என் வழக்கம். முதல் வரியிலேயே அவர் பெயர்.

விடுமுறைக்கு நாட்டுக்குள் சுற்றப் போயிருக்கிறார். முன்னாள் கணவரும், ஐந்து வயது மகளும் கூட. மெரிதா மலைகள், சமவெளி என்று போகிற இடத்திலிருந்தெல்லாம் படங்கள் போட்டிருக்கிறார். எல்லோரும் விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்த நாட்டை ஊருக்குக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஜனவரி 6 இரவு, புவெர்த்தோ கபேய்யோவிலிருந்து வலென்சியா போகும் நெடுஞ்சாலையில் கார் டயர்கள் வெடித்தன. வழிப்பறிக்காரர்கள் சாலையில் எதையாவது போட்டு வண்டியை நிறுத்துவது அந்தப் பக்கம் தெரிந்த உத்தி. பழுதான காரை ஏற்றிப்போகும் வண்டியும் வந்துவிட்டது. அப்போது ஆயுதங்களோடு வந்தவர்களைப் பார்த்து மூவரும் காருக்குள் புகுந்து பூட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து சுட்டார்கள். மோனிகாவும் முன்னாள் கணவரும் அங்கேயே இறந்தார்கள். குழந்தைக்குக் காலில் குண்டு, பிழைத்துக்கொண்டது. மோனிகாவுக்கு 29 வயது.

புதுச் சொற்களை எழுதி வைக்கும் நோட்டு ஒன்று வைத்திருந்தேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. 'கிரூவா', பழுதான வண்டியை இழுத்துப்போகும் வண்டி. 'காவ்ச்சோ', டயர், வகுப்பில் வேறு சொல் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், வெனிசுலாக்காரர்கள் இதைத்தான் சொல்வார்கள். பழக்கதோஷம், கை பாட்டுக்கு எழுதியிருக்கிறது. அதற்கு முந்தைய பக்கங்கள் எல்லாம் மிக்காயேலாவிடமிருந்து எடுத்தவை.

அடுத்த சில நாட்களில் கராகஸில் நடிகர்கள் தெருவில் இறங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு நாட்டில் லட்சம் பேருக்கு 39 கொலை என்றது அரசு. வன்முறையைக் கணக்கெடுக்கும் வெனிசுலா ஆய்வகம் ஒன்று 79 என்றது. எண்ணிக்கையிலேயே பாதிக்குப் பாதி சண்டை. இத்தனை பேர் செத்தபோது அசையாத அரண்மனை ஒரு மிஸ் வெனிசுலாவுக்காக அசைந்தது. அதிபர் மதுரோ ஆளுநர்களையும் மேயர்களையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். தேர்தல் முடிவையே ஏற்காத எதிர்க்கட்சித் தலைவர் கப்ரிலேஸ் வந்து கைகுலுக்கினார். சில இளைஞர்களைப் பிடித்தார்கள். சிலருக்கு 20 ஆண்டுக்கு மேல் தண்டனை விழுந்தது. பிப்ரவரியில் மாணவர் போராட்டம் வெடித்தபோது சொல்லப்பட்ட காரணங்களில் இந்தக் கொலையும் ஒன்று.

அதே ஜனவரியில் மதுரோ இன்னொன்றும் செய்தார். வன்முறை பெருகியதற்கு டெலிநாவெலாக்கள் மேலும் பழி போட்டார். வெனெவிஷனில் அப்போது ஓடிய ஒரு தொடரைப் பெயர் சொல்லியே திட்டினார். ஒரு டெலிநாவெலா நடிகை நடுரோட்டில் கொல்லப்படுகிறார், குற்றவாளிக் கூண்டில் டெலிநாவெலா. மிக்காயேலாவிடம் இதைச் சொல்லியிருந்தால் என்ன கேட்டிருப்பாளோ.

இன்றைக்கு அவர் பெயரைத் தேடினால் அந்தச் சாலைதான் முதலில் வருகிறது. கார், கண்ணாடி, ஓட்டைகள். நாடகம் படித்தது, சேனல் அணைந்தது, காதுக்குப் பக்கத்தில் பார்த்துப் பேசியது எல்லாம் கீழே எங்கோ. நான் இந்தக் கதைக்குள் எதிர்த்திசையிலிருந்து வந்தவன் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அம்மாவிடம் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. பரண் வேலை இருந்தது, அப்புறம் பொங்கல், அப்புறம் அப்படியே போய்விட்டது. போன மாதம் ஏதோ தமிழ் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவள் விளம்பர இடைவேளையில் திடீரென்று கேட்டாள்.

"ஆமா, அந்த வேத்து பாஷை சீரியல்ல ஒரு பொண்ணு வருமே, மூஞ்சி பார்க்காம பேசுமே. அது கடைசில அந்த டாக்டரைக் கட்டிக்கிச்சா?"

"சீரியல்தானேம்மா. கட்டிக்காம எப்படி முடிப்பாங்க?"

"அதானே," என்றாள். "இப்ப எதுல நடிக்குது?"

விளம்பரம் முடிந்துவிட்டது. நான் சத்தத்தைக் கூட்டினேன்.